செம்புக்குள் விழாத சீட்டு

நைனா சீட்டு மடிப்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. நோட்டுத் தாளைக் கிழித்து, நகத்தால் நீவி மடித்துச் செம்பில் போடுவார். ஒன்று தடித்துத் தெரிந்தால் பிரித்து மறுபடி மடிப்பார். பழவேற்காட்டில் பாடு அப்படித்தான் பிரியும். இறால் ஓடும் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டு சொல்லும். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் மூன்றுக்கும் முறை சுற்றி வரும். தலைக்கட்டு ஆனவனுக்குத்தான் பங்கு. இன்றைக்கு நல்ல இடம் எனக்கென்றால் நாளைக்கு உனக்கு.

அந்தச் செம்பு ஞாபகம் வந்தது சென்னையில், எம்.பி.ஏ. வகுப்பில். மைக்கேல் போர்ட்டர் 1979இல் எழுதிய ஐந்து விசைகளை ஆசிரியர் பலகையில் வரைந்தார். நடுக் கட்டத்தில், ஒரே தொழில் செய்பவர்களுக்குள் நடக்கும் போட்டி. அதை எங்கள் பாட்டன்மார் எப்போதோ அடக்கிவிட்டார்கள் என்று பெருமையாக இருந்தது. சுற்றியிருந்த கட்டங்களைப் பார்க்கப் பார்க்கத்தான் வயிறு கலங்கியது.

வாங்குபவரின் பலம் என்றார். விடியலில் அம்மா இறாலைப் பெரிசு சிறிசாகப் பிரிப்பாள். கொம்பு குத்திக் குத்தி விரல் நுனி வெந்ததுபோல் இருக்கும். வியாபாரி விலை சொல்வார். அவரிடம் வாங்கிய முன்பணத்தில்தான் எங்கள் வலை இருந்தது, பிறகு என்ன பேரம்? இது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் இங்கிருந்து துணியைக் கப்பலேற்றினார்கள். தறிக்காரரும் முன்பணத்துக்குத்தான் நெய்திருக்கிறார்.

மாற்றுப் பொருள் என்றதும் இறால் குளங்கள் நினைவுக்கு வந்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பழவேற்காடு ஏரியிலிருந்தும் சிலிகா ஏரியிலிருந்தும் 1000 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றது. கரையைக் காத்த தீர்ப்பு அது. சந்தையை யார் காப்பது? 2009இல் வெனாமி இறால் வளர்க்க அனுமதி கிடைத்தது. குளத்து இறால் கேட்ட நாளில், கேட்ட அளவில் வரும். எங்கள் வெள்ளை இறால் அமாவாசை இருட்டில் நீர் வடியும்போதுதான் கடலைப் பார்த்து ஓடும், அதுவும் முகத்துவாரம் தூராமல் இருந்தால். விலையில் வெனாமியோடு மல்லுக்கட்டக் கூடாது. ஏரி இறால் என்று தனியாக, மூன்று ஊரும் சேர்ந்து விற்க வேண்டும். அன்று நோட்டில் அப்படித்தான் எழுதினேன். இப்போதும் அதில் மாற்றமில்லை.

ஆனால் அந்தப் படத்தில் எந்தக் கட்டத்திலும் நிற்காத ஒருத்தி இருந்தாள். நைனா திண்ணையில் சீட்டு மடித்த ஒரு மதியம், ஓர் இருளர் அக்கா இடுப்பளவு நீரில், பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி சேற்றுக்குள் இரண்டு கையாலும் இறால் தடவிக்கொண்டே போனாள். அதே ஏரி, அதே இறால்.

“அவங்க பேரும் செம்புல இருக்கா நைனா?” என்று கேட்டேன்.

அவர் தடித்துப்போன ஒரு சீட்டைப் பிரித்து மறுபடி மடிக்கத் தொடங்கினார்.