ஐந்தாவது மாடிக்கு லிஃப்ட்

எங்கள் குடியிருப்பில் குடியரசு தினம் என்றால் காலை ஒன்பது மணிக்குக் கொடி, பிறகு லட்டு, பிறகு பொதுக்குழு. டில்லிக் குளிரில் வேறு எந்த நாளிலும் இத்தனை பேரை மொட்டை மாடிக்கு வரவழைக்க முடியாது என்பது செயலாளரின் கணக்கு. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி நடந்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. வீட்டு வேலை செய்பவர்களும் சாமான் கொண்டுவரும் பையன்களும் இனி லிஃப்டில் ஏறக்கூடாது, படி இருக்கிறது. சொல்லப்பட்ட காரணங்கள்: மின்கட்டணம், காலை நேர நெரிசல், சுத்தம். அந்தக் கடைசிச் சொல்லை யாரும் விளக்கவில்லை. விளக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

ஆதரவு 61, எதிர்ப்பு 4. அந்த 61 கைகளில் ஒன்று என்னுடையது. யோசித்துத் தூக்கிய கை என்றுகூடச் சொல்ல முடியாது. பக்கத்து நாற்காலிக்காரர் தூக்கினார், நானும் தூக்கினேன். இன்னொரு கையில் பாதி லட்டு இருந்தது.

எதிர்த்த நால்வரில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. "இன்றைக்கு எதற்காகக் கொடி ஏற்றினோம்?" என்று மட்டும் கேட்டார். "ஜனநாயகம், மேடம். மெஜாரிட்டி சொல்லிவிட்டதே" என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தோம். அந்த அம்மாள் கேட்டது குடியரசைப் பற்றி, இவர் பதில் சொன்னது ஜனநாயகத்தைப் பற்றி என்பது எனக்கு உறைக்கச் சில நாட்களாயின.

இரண்டும் ஒன்று என்றே பழகிவிட்டோம். தமிழ் வேறு குழப்பத்தைக் கூட்டுகிறது: குடியரசு, மக்களாட்சி. குடி என்றாலும் மக்கள்தான், அரசு என்றாலும் ஆட்சிதான். ஆனால் பிரிட்டனில் ஜனநாயகம் உண்டு, குடியரசு கிடையாது. அரண்மனையில் மன்னர் இருக்கிறார். சீனாவின் பெயரிலேயே மக்கள் குடியரசு இருக்கிறது. ஆட்சியை மாற்றும் வாக்குச்சீட்டு இல்லை. பாகிஸ்தான் 1956 மார்ச்சில் குடியரசானது. ஒரு பொதுத் தேர்தலைக் காணும் முன்பே, 1958 அக்டோபரில், ராணுவச் சட்டம் வந்துவிட்டது.

நம் கதையும் விசித்திரமானதுதான். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகும் இரண்டரை ஆண்டுகள் சட்டப்படி நம் மன்னர் ஆறாம் ஜார்ஜ். அவருடைய பிரதிநிதியாக முதலில் மவுன்ட்பேட்டன், பிறகு நம் ராஜாஜி. 1950 ஜனவரி 26 காலை ராஜாஜி பிரகடனத்தைப் படித்தார், ராஜேந்திர பிரசாத் பதவியேற்றார், குடியரசு பிறந்தது. ஆனால் அன்று வயது வந்த எல்லோரும் வாக்களித்து அமைத்த நாடாளுமன்றம் ஒன்று நம்மிடம் இல்லை. அரசியல் நிர்ணய சபையே தற்காலிக நாடாளுமன்றமாக இருந்தது. எல்லோரும் வாக்களித்த முதல் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில்தான் முடிந்தது. அதாவது, பெரும்பான்மையும் தொடக்கூடாதவை சில உண்டு என்று முதலில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகே பெரும்பான்மையை உள்ளே அழைத்தோம்.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதை நான் 1976-லேயே கற்றிருக்க வேண்டும். அப்போது எனக்கு 24 வயது, டில்லியில் புது குமாஸ்தா. எமர்ஜென்சியில் அலுவலகம் நேரத்துக்குத் திறந்தது, மேலதிகாரிகள் நேரத்துக்கு வந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது மறைத்து என்ன பயன்? தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுதான் அது. பிரதமரின் தேர்தலைக் கோர்ட் விசாரிக்க முடியாதபடி 1975 ஆகஸ்டில் 39-வது திருத்தம் வந்தபோது அவையில் கைகளுக்குக் குறைவில்லை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். 1976 ஏப்ரல் 28 அன்று, எமர்ஜென்சியில் அடைக்கப்பட்டவர் தன் காவலை எதிர்த்து ஹேபியஸ் கார்பஸ் கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. நால்வர் ஒருபுறம், எச்.ஆர். கன்னா மட்டும் மறுபுறம். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவர் ஒருவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார். அந்தத் தீர்ப்பு தவறு என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. நான் அன்று செய்தியைப் படித்தேன், காபி குடித்தேன், பஸ் பிடித்தேன்.

வாக்குச்சீட்டைக் குறைத்துப் பேசவில்லை. 1977 மார்ச்சில் அந்த ஆட்சியை வீட்டுக்கு அனுப்பியது அதுதான். சாசனத்தின் அடிப்படை அமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று 1973-இல் சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பும் ஏழுக்கு ஆறு என்ற கணக்கில்தான் வந்தது. பெரும்பான்மை மட்டும் போதாது என்பதைச் சொல்லவும் ஒரு வாக்கு பெரும்பான்மை தேவைப்பட்டிருக்கிறது!

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாள் வங்காளத்திலிருந்து வந்தவர். ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். தீர்மானம் நிறைவேறிய மறுநாள் ஐந்து மாடி ஏறி வந்து, சமையலறைத் தரையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் பாத்திரத்தைத் தொட்டார். ஒன்றும் சொல்லவில்லை. என் கை எந்தப் பக்கம் உயர்ந்தது என்று அவருக்குத் தெரியாது.

அன்றே செயலாளருக்குக் கடிதம் எழுதினேன்: என் வாக்கை எதிர்ப்பில் சேர்க்கவும். "முடிந்த கூட்டத்தை எப்படி மாற்றுவது, அங்கிள்? அடுத்த வருஷம் தீர்மானம் கொண்டு வாருங்கள்" என்றார். அதில் தப்பில்லை. கொண்டு வந்தேன். முதல் தடவை 11 பேர் ஆதரித்தார்கள், போன ஜனவரியில் 27. இன்னும் போதவில்லை.

இதற்கிடையில் தினமும் காலை ஏழரைக்கு நான் கீழே இறங்குகிறேன். பால் வீட்டுக்கே வரும். ஆனாலும் இறங்கி வாங்குகிறேன். மேலே வரும்போது அந்த அம்மாள் என்னோடு லிஃப்டில் வருகிறார். காவலாளி தன் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். "உங்களுக்கு அபராதம் போடப் போகிறார்கள், அங்கிள்ஜி" என்பார் அந்த அம்மாள். இதுவரை போடவில்லை. கதவு மூடும்போது, மற்ற வீடுகளுக்குப் போகிற பெண்கள் படியேறுவது தெரிகிறது.