14 இழையா, 28 இழையா?

டெல்லியில் காஷ்மீரி கேட் மோட்டார் உதிரி பாக மார்க்கெட்டில் கிடைக்காத சாமான் கிடையாது என்பார்கள். ஹெட்லைட் பல்பு வாங்க வருபவர் கம்பெனி பெயர் சொல்லிக் கேட்கிறார். ஹார்ன் வாங்க வருபவர் நாலைந்தை அலறவிட்டுப் பார்த்துத்தான் காசை எடுக்கிறார். ஒயருக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. "பத்து மீட்டர் கொடுங்க" என்பதோடு சரி. மிஞ்சிப் போனால் சிவப்பா கறுப்பா என்று ஒரு கேள்வி. வண்டியில் தீப்பிடித்தால் பெரும்பாலும் முதலில் சந்தேகப்படுவது அந்த ஒயரைத்தான்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் அந்த எலக்ட்ரீஷியனுக்கு அறுபது வயதுக்கு மேல். சந்தில் எல்லோருக்கும் அவர் 'உஸ்தாத்'. அம்பாசிடர் கார்களில் டைனமோ கழற்றிப் பழகிய கை. கடைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில், ஆணியில் ஒரு கருகிய ஒயர் கற்றை தொங்குகிறது. திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

சமீபத்தில் அவரிடம் வந்த வாடிக்கையாளருக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். கடனில் வாங்கிய பழைய ஜீப் ரக டாக்ஸி. மணாலிக்கு இரவு சவாரி போகிறார். மலைப்பாதையில் வெளிச்சம் போதவில்லை. கையோடு 100/90 வாட் ஹாலஜன் பல்புகள் இரண்டும், 55 வாட் பனி விளக்குகள் இரண்டும் வாங்கி வந்திருந்தார். கூடவே ஒரு சுருள் ஒயர்.

"உஸ்தாத், சாயங்காலம் கிளம்பணும். மாட்டிக் கொடுத்திடுங்க."

உஸ்தாத் பல்பைத் தொடவில்லை. ஒயரின் நுனியைச் சீவி, இழைகளைப் பிரித்து எண்ண ஆரம்பித்தார்.

எண்ணுவதில்தான் இந்தத் தொழிலின் ரகசியம் இருக்கிறது. வாகன ஒயரைக் கடைக்காரர்கள் '14/0.3' என்றும் '28/0.3' என்றும் குறிப்பிடுவார்கள். 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்பு இழைகள் எத்தனை என்பதே முதல் எண். 14 இழை என்றால் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 1 சதுர மில்லிமீட்டர். 28 இழை என்றால் 2. சாதாரண பி.வி.சி. உறை போட்ட ஒயரில் முதலாவது 8.75 ஆம்பியர் வரை தாங்கும், இரண்டாவது 17.5. அதாவது ஓர் இழைக்கு 0.6 ஆம்பியர் சொச்சம். பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போகாத உஸ்தாத் மனதில் வைத்திருக்கும் வாய்ப்பாடு இதுதான். புத்தகத்துக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை.

வீட்டு ஒயரிங்கில் மிச்சமான ஒற்றைக் கம்பி ஒயரை வண்டிக்குப் போடும் சிக்கனக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். சுவருக்குள் அசையாமல் கிடக்கப் பிறந்த கம்பி அது. இன்ஜின் அதிர்வில் ஒரு நாள் உள்ளுக்குள்ளேயே ஒடியும். வெளியே உறை முழுசாக இருக்கும். மெக்கானிக் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இளைஞரின் பல்புக்கு வருவோம். வண்டியோடு வரும் ஹாலஜன் பல்பு 60/55 வாட். உயர் வெளிச்சத்தில் இரண்டும் சேர்ந்து 120 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். 100 வாட் பல்புகள் என்றால் 16.7 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு ஸ்விட்சுக்கு வந்து, அங்கிருந்து மறுபடி முன்பக்கம் போகும் பாதை 5 மீட்டர் என்றும், ஒயர் 1 சதுர மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், அதன் மின்தடை 0.086 ஓம். 16.7 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 1.4 வோல்ட் கரைந்துவிடும். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர் விகிதத்தில் இறங்குவதில்லை. பல மடங்கு வேகத்தில் இறங்குகிறது. 12 சதவீத வோல்டேஜ் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய கூடுதல் வாட்டில் பெரும்பகுதியை ஒயரே சாப்பிட்டு விடுகிறது.

சாப்பிட்டது சும்மா இருக்குமா? சூடாக மாறும். ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப சூடு ஏறும் என்பது ஜூல் 1841இல் வெளியிட்ட விதி. 10 ஆம்பியரில் 8.6 வாட்டாக இருந்த சூடு 16.7 ஆம்பியரில் 24 வாட்டாகிறது. அதுவும் பத்துப் பதினைந்து ஒயர்களோடு சேர்த்து டேப் சுற்றிய கற்றைக்குள், இன்ஜின் அனலுக்குப் பக்கத்தில். பி.வி.சி. இளகி, இரண்டு செம்புகள் ஒன்றையொன்று தொட்டால் கதை முடிந்தது.

"அப்போ பெரிய ஃபியூஸ் போட்டுட்டா?" என்றார் இளைஞர்.

உஸ்தாத் சுவரைக் காட்டினார். ஆணியில் தொங்கும் கற்றையும் ஒரு டாக்ஸியுடையதுதான். 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று ஓட்டுநர் 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகியிருந்தார். ஃபியூஸ் போகவில்லை, ஒயர் போயிற்று. பயணிகள் நால்வரும் இறங்கி ஓடித் தப்பினார்கள். அனுமதியில்லாத மாற்றம் என்று சொல்லி இன்சூரன்ஸ் பணம் மறுக்கப்பட்டது. வண்டி எலும்புக்கூடான பிறகும் கடன் தவணை மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற வைக்கப்பட்டது என்ற எண்ணம் நாடு முழுக்க இருக்கிறது. அது ஒயரைக் காப்பாற்ற வைத்தது. ஒயர் தாங்கும் அளவைவிடக் குறைவாகவும், விளக்குக்குத் தேவையான அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கவேண்டும். நெடுஞ்சாலையில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித் தாளைச் சுருட்டி ஃபியூஸ் இடத்தில் வைத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்த வீரக்கதைகளை லாரி ஓட்டுநர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். போய்ச் சேராதவர்கள் கதை சொல்ல வருவதில்லை.

உஸ்தாத் கடைசியில் சொன்ன யோசனை இளைஞருக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. "பேட்டா, 100 வாட் பல்பைத் திருப்பிக் கொடுத்துடு. பழைய பல்பே இருக்கட்டும். ரிலே போட்டுத் தர்றேன்." பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில், பொதுச் சாலையில் உபயோகிக்க அல்ல என்று அதிலேயே அச்சடித்திருந்தது. எதிரில் வருகிறவனின் கண்ணும் மலைப்பாதையில் முக்கியம் அல்லவா?

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஒரு ஸ்விட்ச். டாஷ்போர்டு ஸ்விட்சிலிருந்து வரும் பழைய ஒயர் இனி ரிலேக்குச் சைகை மட்டும் காட்டும். அதற்குக் கால் ஆம்பியருக்கும் குறைவே போதும். விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக, ஒன்றரை மீட்டர் தடித்த ஒயரில் போகும். அதே 10 ஆம்பியர் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அவ்வளவு தூரம் போனால் இழப்பு 0.1 வோல்ட்தான். அதாவது ஒயரைத் தடிமனாக்குவது பாதி வைத்தியம். பாதையைக் குறுக்குவது மீதி.

பனி விளக்குகளுக்குத் தனிக் கணக்கு. இரண்டும் சேர்ந்து 110 வாட், 9.2 ஆம்பியர். ஒயர் 4 மீட்டர். விளக்குக்குப் போகும் வழியில் 3 சதவீதம், அதாவது 0.36 வோல்ட்டுக்கு மேல் இழக்கக் கூடாது என்பது நல்ல வரம்பு. மீட்டரை ஆம்பியரால் பெருக்கி, அதைச் செம்பின் எண்ணான 0.0172ஆல் பெருக்கி, இழக்கத் தயாரான வோல்ட்டால் வகுத்தால் சதுர மில்லிமீட்டர் கிடைத்துவிடும். இங்கே 1.76 வருகிறது, ஆகவே 28 இழை. திரும்பி வரும் பாதைக்கும் சேஸிஸை நம்பாமல் தனி ஒயர் போட்டால் 4 மீட்டர் 8 ஆகிவிடும். 4 சதுர மில்லிமீட்டருக்குப் போகவேண்டியதுதான். 24 வோல்ட் லாரிக்காரர்கள் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள். அதே வாட்டுக்கு அவர்களுக்குப் பாதி ஆம்பியர் போதும்.

சரி, இளைஞர் கொண்டு வந்த சுருள்? மேலே '2.5' என்று அச்சடித்திருந்தது. எண்ணியதில் 20 இழைகூடத் தேறவில்லை. தடிமன் எல்லாம் உறையில் இருந்தது. போதாததற்கு, கத்தியால் ஓர் இழையைச் சுரண்டியதும் செம்பு நிறம் உரிந்து வெள்ளை தெரிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். இந்த மார்க்கெட்டில் யோக்கியமான கடைகளும் உண்டு, ஆனால் கத்தி எடுத்துப் போவது நல்லது.

எல்.இ.டி. வந்த பிறகு இந்தத் தலைவலி குறைந்திருக்கிறது என்பது உண்மை. 20 வாட்டில் நல்ல வெளிச்சம் கிடைக்கும்போது ஆம்பியரும் கம்மி. ஆனால் மனிதர்கள் அந்த மிச்சத்தை விட்டுவைப்பதில்லை. விளக்கில் சேமித்ததை ஆம்ப்ளிஃபயருக்கும், காற்று அடிக்கும் கம்ப்ரஸருக்கும் கொடுத்து விடுகிறார்கள்.

வேலை முடிய இருட்டிவிட்டது. அதிக நேரம் பிடித்தது எர்த் இணைப்புதான். சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி, துரு போக உப்புத்தாள் தேய்த்து, உலோகம் பளபளத்த பிறகே உஸ்தாத் போல்ட்டை முறுக்கினார். எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, பேட்டரியில் ஒரு தடவை, விளக்கின் முனையில் ஒரு தடவை என்று மீட்டர் வைத்தார். வித்தியாசம் 0.2 வோல்ட். பத்து நிமிடம் கழித்து ஒயரை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார். வெதுவெதுப்புகூட இல்லை.

எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்து இளைஞர், இதே பழைய பல்பா என்று இரண்டு முறை கேட்டார். கிளம்பும்போது வழிக்கு உதவும் என்று 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கேட்டார். உஸ்தாத் டிராயரைத் திறந்து, 15 ஆம்பியரில் இரண்டு எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டார்.