ரீசெட் எட்டாத இடம்

போர்டு பூட் ஆகவில்லை என்று கொண்டுவந்து கொடுப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பவரை எடுத்துட்டீங்களா?" பெரும்பாலும் எடுத்திருப்பார்கள். திரும்பப் போட்டும் பார்த்திருப்பார்கள். போர்டும் எழுந்து ஓடியிருக்கும். "இப்ப நல்லாத்தான் சார் ஓடுது, அப்பதான் ஓடலை" என்பார்கள். பவரை எடுத்த அந்த நொடியிலேயே தடயம் முழுக்கப் போய்விடுகிறது. பிளாஷ் என்ற நினைவகச் சிப்பிலிருந்து பூட் ஆகும் போர்டுகளில் நான் பார்த்தவற்றிலேயே மிகப் பிடிவாதமான கோளாறு, இப்படித் தடயம் இல்லாமல் மறைகிற வகைதான்.

எழவே எழாத போர்டு சுலபம். பூட் மோடு பின்கள் எந்த நிலையில் நிற்கின்றன என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம். பிளாஷுக்கு வருவது 3.3 வோல்ட், அதற்கு வேண்டியது 1.8 என்பதுபோல ஏதாவது இருந்தால் டேட்டாஷீட் காட்டிக்கொடுத்துவிடும். 9எஃப் என்ற கட்டளையை அனுப்பினால் பிளாஷ் தன்னுடைய அடையாளத்தைச் சொல்லும். பதிலாக எல்லாம் எஃப்எஃப் என்றோ எல்லாம் 00 என்றோ வந்தால், முதலில் சால்டரையும் கம்பியையும் சந்தேகப்படலாம். இதெல்லாம் ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

நான் சொல்ல வந்த போர்டு வேறு. காலையில் சுவிட்சைப் போட்டால் ஒழுங்காக எழும். நாள் முழுக்க ஓடும். வாட்ச்டாக் ரீசெட் செய்தால் மட்டும் எழாது. மென்பொருள் உறைந்துபோனால் பிராசசரைத் தானாகவே ரீசெட் செய்வதற்காக வைத்திருக்கும் டைமர்தான் வாட்ச்டாக். ஆளில்லாத பம்ப் ஹவுஸிலும் டவரடியிலும் போர்டைக் காப்பாற்றுவதற்கென்றே இருப்பது. அது தன் வேலையைச் சரியாகச் செய்த மறுகணமே, யாராவது வந்து பவரை எடுக்கும்வரை போர்டு அடங்கிவிடுகிறது.

அப்போது சீரியல் கன்சோலில் ஓர் எழுத்துகூட வராது. நாம் எழுதிய நிரல் ஒரு வரிகூட இன்னும் தொடங்கவில்லை. ஓடிக்கொண்டிருப்பது பூட் ரோம். சிலிக்கானிலேயே பதிந்து வருவது, நம்மால் திருத்த முடியாதது. அது வாய் திறக்காததால் கம்பியில்தான் ஒட்டுக்கேட்க வேண்டும். லாஜிக் அனலைசரின் கொக்கிகளை பிளாஷின் கால்களில் மாட்டி, போர்டு நன்றாக எழும்போது ஒரு பதிவும் எழாதபோது ஒரு பதிவும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிராசசர் அனுப்புவது இரண்டிலும் ஒன்றேதான்: 03, 00, 00, 00. அதாவது, பூஜ்ய முகவரியிலிருந்து படித்துக் கொடு. நல்ல பதிவில் உடனே தரவு வருகிறது. மற்றதில் முதலில் ஓர் எஃப்எஃப், அதற்குப் பின்னால் அதே தரவு, ஒரு பைட் தள்ளி.

அந்த ஒரு பைட்டைத் திரையில் கண்டபோது வந்த நிம்மதியை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். பிளாஷ் சாகவில்லை, கம்பியும் அறவில்லை. முகவரியில் இன்னும் ஒரு பைட் வரும் என்று காத்திருந்துவிட்டுப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

மூன்று பைட் முகவரியால் 16 மெகாபைட் வரைதான் தொட முடியும். பிளாஷ் சிப்புகள் சிறியவையாக இருந்தவரை அது தாராளம். 32 மெகாபைட் சிப் வந்ததும் நான்காவது பைட் தேவைப்பட்டது. (அந்தச் சிப்பின் பெயரில் 256 என்று இருக்கும், அது மெகாபிட் கணக்கு.) பழைய பிராசசர்களும் படிக்க வேண்டும் என்பதால் இவை பொதுவாக மூன்று பைட் முறையிலேயே எழுந்து, பி7 என்ற கட்டளை வந்த பிறகு நான்குக்கு மாறும். இயங்குதளம் ஓடத் தொடங்கியதும் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிடுகிறது. பிறகு ரீசெட் வந்தால் பிராசசர் எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்குகிறது. பிளாஷுக்கோ ரீசெட் வந்ததே தெரியாது, அதற்குப் பவர் போகவே இல்லை. எட்டு இலக்கத்துக்கு மாறிவிட்ட டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழைய ஏழு இலக்க எண்ணைச் சுழற்றிவிட்டுக் காத்திருக்கிற நிலைமைதான். பூஜ்ய முகவரியில் ஒரு பைட் தள்ளிப்போவதோடு போயிற்று. மற்ற இடங்களில் கேட்கும் முகவரியே 256 மடங்காகிவிடுகிறது. 4 கிலோபைட்டில் இருப்பதைக் கேட்டால் 1 மெகாபைட்டில் இருப்பது வரும்.

லேபில் இது ஏன் பிடிபடுவதில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிளாஷை ரீசெட் செய்ய வழியில்லாத போர்டு என்று லினக்ஸிடம் அறிவித்திருந்தால், ரீபூட் என்று கட்டளை தட்டும்போது அது அணைவதற்கு முன் பிளாஷை மூன்று பைட் முறைக்குத் திருப்பி வைத்துவிடும். போர்டு எழுந்துவிடும், டெஸ்ட் ரிப்போர்ட்டில் பாஸ் விழும். வாட்ச்டாக் அடிக்கும்போது அப்படித் திருப்பி வைக்க அவகாசம் ஏது? அப்படி அறிவித்த போர்டில், எதிர்பாராத ரீபூட்டிலிருந்து மீளாமல் போகலாம் என்று லினக்ஸ் கெர்னலே எச்சரிக்கை அச்சடிக்கிறது. பூட் லாகில் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவில் வரும் அதை நின்று படிப்பவர்கள் குறைவு.

ரீசெட் எட்டாத இடம் என் மேசையில் மட்டும் இல்லை. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி மூன்று வாரத்துக்குள் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகத் தொடங்கியது. பிளாஷில் கோப்புகள் குவிந்து, அவற்றின் விவரத்தை வைத்துக்கொள்ள ரேம் போதவில்லை. ரீசெட் ரேமைத் துடைத்தது, பிளாஷில் இருந்த குவியலைத் தொடவில்லை. எழுந்ததும் அதே இடத்தில் விழுந்தது. அங்கே போய்ப் பிளக்கைப் பிடுங்க யாரும் இல்லை. பூமியிலிருந்து அதை இயக்கிய ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தினர், பிளாஷ் பக்கமே போகாமல் எழச்சொல்லிக் கட்டளை அனுப்பி, காரணத்தைக் கண்டுபிடித்து, பிப்ரவரியில் பிளாஷை ஃபார்மட் செய்து ஊர்தியை மீட்டார்கள். காரணம் வேறு என்றாலும், ரீசெட் எட்டாத ஓர் இடம் அங்கேயும் இருந்தது.

என் போர்டுக்கு மருந்து பல இருக்கின்றன. 13 என்ற கட்டளையால் படித்தால், முறையை மாற்றாமலேயே நான்கு பைட் முகவரி கொடுக்கலாம். ஆனால் பூட்லோடரான யு-பூட், லினக்ஸ் என்று சங்கிலியில் இருக்கும் எல்லாரும் அதற்கு உடன்பட வேண்டும். நான் நம்புவது கம்பியைத்தான். பதினாறு கால் சிப்புகள் பலவற்றில் ரீசெட்டுக்கென்றே ஒரு கால் இருக்கிறது. அதைப் பிராசசரின் ரீசெட் லைனோடு சேர்த்துவிட்டால் போதும். எட்டுக் கால் சிப்பில் அது இல்லையென்றால், ரீசெட்டின்போது பிளாஷின் பவரை வெட்ட ஒரு சின்ன மாஸ்ஃபெட் போடலாம். செலவு பெரிதில்லை.

சோதனையையும் மாற்றிவிட்டேன். பிளாஷில் படிப்பதும் எழுதுவதும் நடந்துகொண்டிருக்கும்போதே வாட்ச்டாக்குக்குத் தீனி போடுவதை நிறுத்திவிடுவேன். பவரைத் தொடாமல், போர்டு தானாக எழுந்து கன்சோலில் முதல் வரியை அச்சடித்தால்தான் பாஸ்.