கைமாற்று

எங்கள் வீட்டில் ஒரு முறை விழுந்தது. 1994ஆம் வருஷம், வடகிழக்கு மாநிலம் ஒன்றின் லாட்டரியில், ஐந்து லட்சம். ராமநாதபுரத்துக் கமிஷன் கடைக்கு மிளகாய் மூட்டை கொண்டுபோன அன்று, பஸ் ஏறும் முன் அப்பா வாங்கிய சீட்டு. முகவர் கழிவும், அப்போது நாற்பது சதவீதமாக இருந்த வருமான வரியும் போகக் கையில் வந்தது இரண்டே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இன்றைக்கு அது பெரிய தொகையாகத் தெரியாது. அன்று அதைக் கொண்டு எழுபது பவுன் வாங்கலாம். திருப்புல்லாணியில் மழையை நம்பி நெல்லும் குண்டு மிளகாயும் போட்டுப் பிழைத்த எங்களுக்கு, வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் வராத பணம் அது.

ஆகவே, ‘லாட்டரியில் கோடி ரூபாய் விழுந்தால் என்ன செய்வே?’ என்று யாராவது விளையாட்டாகக் கேட்டால், எனக்கு விளையாட்டாகப் பதில் சொல்ல வராது.

அந்தக் காலத்தில் இந்தக் கேள்விக்கு ஊரில் எல்லாரிடமும் பதில் இருந்தது. கேரள அரசு 1967இல் லாட்டரியைத் தொடங்கியது. அண்ணா முதலமைச்சராக இருந்த 1968இல் தமிழ்நாடும் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற வாசகம் எங்கள் அப்பா தலைமுறைக்கு மனப்பாடம். பிறகு பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று எங்கெங்கோ இருந்து சீட்டுகள் வந்து பெட்டிக்கடைகளில் தோரணமாகத் தொங்கின. டீக்கடையில் பேப்பரை விரித்து முடிவு பார்க்கிறவர்கள் வாய்விட்டே சொல்வார்கள்: கமிஷன் கடை முன்பணத்தை அடைச்சிருவேன், கூட்டுறவு பாங்கில கிடக்கிற நகையைத் திருப்பிருவேன், மூத்தவளைக் கட்டிக் கொடுத்திருவேன், ஓட்டை மாத்தி ஒட்டுக் கட்டடமாக் கட்டிருவேன். யாரும் கார் வாங்குவதாகச் சொன்னதில்லை. சிறுவனாக அதையெல்லாம் கேட்டபோது கனவு காண்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சொன்னது அத்தனையும் அவரவர் கடன் கணக்கு. அது புரிய எனக்கு வயதாக வேண்டியிருந்தது.

பணம் விழுந்த செய்தி வந்த இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை. அம்மா ஒரே தடவைதான் பேசினாள். “மொதல்ல கமிஷன் கடைக்காரருக்கு அடைங்க. நகையைத் திருப்புங்க. மிச்சத்தைத் தபாலாபீசுல போட்டுருவோம். ஆருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம்.” அவள் நான்காம் வகுப்போடு நின்றவள். ஆனால் கிசான் விகாஸ் பத்திரத்தில் போட்டால் அஞ்சரை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று அதுதான் கணக்கு. இரண்டு லட்சத்தைப் போட்டிருந்தால் 2000ஆம் ஆண்டுக்குள் நான்கு லட்சமாகியிருக்கும்.

அப்பா கடனை அடைத்தார். நகையையும் திருப்பினார். ஆதி ஜெகந்நாதப் பெருமாளுக்குப் பாயசம் நிவேதனம் செய்தார். பிள்ளை இல்லாதவர்கள் வேண்டிக்கொண்டு வந்து சாப்பிடுகிற பாயசம் அது. தசரதன் இங்கே வந்து வேண்டித்தான் ராமன் பிறந்தான் என்பது ஊரின் நம்பிக்கை. அதுவரை எல்லாம் அம்மா சொன்னபடியே நடந்தது. ஆனால் செய்தி அதற்குள் ஊர் தாண்டிப் போய்விட்டது.

வந்தார்கள். கெட்டவர்கள் ஒருவரும் வரவில்லை. அதுதான் இந்த விஷயத்தில் கடினமான பகுதி. பெரியம்மா மகன் ஒருவர், வளைகுடாவுக்குப் போக ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டும் என்றார். மாமா ஒருவருக்கு மகள் கல்யாணம் நின்றுபோகிற நிலை. சித்தப்பாவுக்குப் பழைய டிராக்டர் ஒன்று விலைக்கு வந்திருந்தது. வாடகைக்கு உழுது ரெண்டே வருஷத்தில் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். எல்லாமே நியாயமான தேவைகள். எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “கைமாத்தாக் கொடுங்க.”

அப்பா கொடுத்தார். புரோநோட்டு எழுதி வாங்கலாமே என்று அம்மா சொன்னபோது, “சொந்தக்காரன்கிட்ட எழுதி வாங்குறதா?” என்று அவளை அடக்கிவிட்டார். அவருக்கு அது மானக்கேடாகப் பட்டது. எனக்கும் அன்று அப்படித்தான் பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. எல்லாரும் தேடி வருகிற வீடாக எங்கள் வீடு இருந்ததில் எனக்குப் பெருமை இருந்தது.

திரும்பி வந்தது கொஞ்சம். அதை நான் பெரிதாக எண்ணவில்லை. வரும் வழியில் வந்த பணம், போகும் வழியில் போயிற்று. போனது மனிதர்கள்.

சித்தப்பாவின் டிராக்டர் முதல் வருஷமே இஞ்சின் வேலைக்கு வந்தது. அடுத்த வருஷம் மழை இல்லை, உழவும் இல்லை. அப்பா ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்காததுதான் சித்தப்பாவை இன்னும் வாட்டியிருக்க வேண்டும். முதலில் வீட்டுக்கு வருவது குறைந்தது. பிறகு தெருவில் அப்பா வருவது தெரிந்தால் வேறு பக்கம் திரும்பிப் போனார். சேதுக்கரையில் தை அமாவாசைக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து போய் முழுகி, தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுத்து வருவது எங்கள் வழக்கம். ஒரே தகப்பனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க இருவரும் வேறு வேறு நேரத்தில் போக ஆரம்பித்தார்கள். சித்தப்பா விடியுமுன் போய்விட்டு வந்துவிடுவார். இது அப்பா இறக்கும்வரை நீடித்தது. நான் பார்த்தவற்றிலேயே ஆறாத காயம் இதுதான்.

அப்பாவின் காலத்துக்குப் பிறகு அவருடைய கணக்கு நோட்டு என் கைக்கு வந்தது. மிளகாய் எடை, கூலி, உரம் எல்லாம் எழுதிவைக்கிற நீள நோட்டு. லாட்டரிப் பணத்துக்கு அதில் தனிப் பக்கங்கள் இருந்தன. பெயர், தொகை, பக்கத்தில் ‘கைமாற்று’. பெரும்பாலான வரிகளில் அதே சொல். ஒரே ஒரு வரியில் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார்: ‘தங்கச்சிக்குச் செய்தது.’

அது அத்தை. நெடுநாள் பிள்ளை இல்லாமல் இருந்தவள். மதுரையில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அம்மாதான் அப்பாவிடம் சொன்னாள். அத்தை கேட்கவில்லை. அப்பா அவளை வரவழைத்து, தாம்பாளத்தில் வைத்து, பிறந்த வீட்டுச் சீராகக் கொடுத்தார். திருப்பித் தரவேண்டாம் என்பது சொல்லாமலே விளங்கியது. அத்தை இன்றுவரை எங்கள் வீட்டு நல்லது கெட்டது ஒன்றையும் விட்டதில்லை. அவளுக்குக் கொடுத்த தொகை சித்தப்பாவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. ஆனால் அந்தப் பக்கங்களை முழுக்க வாசித்தால், உறவு அறுபடாமல் நின்றது அந்த ஒரு வரியில் மட்டும்தான்.

அந்த நோட்டிலிருந்து நான் கற்றது இது: பெரிய பணம் வந்த வீட்டில், கொடுத்தது கெடுக்கவில்லை, கடனாகக் கொடுத்ததுதான் கெடுத்தது. திருப்பித் தர முடியாதவன் கொடுத்தவனை வெறுப்பதில்லை. அவன் முகத்தைப் பார்க்கக் கூசுகிறான். கூச்சம் பழகப் பழக விரோதம் மாதிரியே நடந்துகொள்ளும். மொய் எழுதுகிற நம் வழக்கத்தை இதோடு வைத்துப் பார்க்கிறேன். மொய்யும் திரும்ப வரவேண்டிய பணம்தான். ஆனால் அதைச் சபையில் பெயர் சொல்லி எழுதுகிறார்கள். எப்போது, எந்த விசேஷத்தில் திருப்ப வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கைமாற்றுக்கு அந்த வெளிச்சம் கிடையாது. எழுதி வாங்கினால்கூடச் சட்டம் புரோநோட்டுக்குத் தருகிற காலம் மூன்று வருஷம். எழுதாத கைமாற்று அப்பாவின் வாழ்நாள் முழுக்கச் செல்லுபடியானது, வசூலாக அல்ல, வருத்தமாக.

எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்ததல்ல இது. 2022 செப்டம்பரில் கேரளத்து ஓணம் பம்பர் 25 கோடி ரூபாய் திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு விழுந்தது. பிள்ளையின் உண்டியலை உடைத்து எடுத்த காசையும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்ச் சீட்டு வாங்கியவர். மலேசியாவில் சமையல் வேலைக்குப் போக ஏற்பாடு செய்துகொண்டிருந்தவர். பத்து சதவீத முகவர் கழிவும் முப்பது சதவீத வரியும் போகப் பதினைந்தே முக்கால் கோடி; மேல்வரி தனி. ஒரு வாரத்துக்குள் அவர் சொன்னது நாடு முழுவதும் செய்தியானது: வீட்டுக்குள் போக முடியவில்லை, உதவி கேட்டு வாசலில் கூட்டம், உறவினர் வீடுகளில் ஒளிந்திருக்கிறேன், இத்தனை பெரிய பரிசு விழாமலே இருந்திருக்கலாம். அப்போது பணம் இன்னும் அவர் கைக்கே வந்திருக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் வாசல்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

இதை வைத்துப் ‘பணமே கேடு’ என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். 1978இல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரி விழுந்த 22 பேரை விசாரித்து, அவர்கள் அக்கம்பக்கத்தாரைவிட அதிக மகிழ்ச்சியாக இல்லை என்று எழுதினார்கள். அந்த ஆய்வைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் சுவீடனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, பரிசு விழுந்து பல ஆண்டுகள் கழித்து விசாரித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. பெரிய பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்து வருஷம் கடந்தும் கூடுதலாகவே இருந்தது. பணம் அவர்களைக் கெடுத்துவிடவில்லை. எனக்கு இந்த இரண்டாவது ஆய்வுதான் நியாயமாகப் படுகிறது. எங்கள் வீட்டிலும் நகை திரும்பியதும், கமிஷன் கடைக்காரர் முன் அப்பா நிமிர்ந்து நின்றதும் மகிழ்ச்சிதான். அதற்குப் பின் நாங்கள் மிளகாயை விலை பார்த்து விற்க முடிந்தது. முன்பணம் வாங்கியவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சுவீடனில் நோய்க்கும் படிப்புக்கும் முதுமைக்கும் அரசு இருக்கிறது. இங்கே அந்த இடத்தில் சொந்தக்காரன்தான் இருக்கிறான். ஆகவே இங்கே பரிசு ஒருவருக்கு விழுவதில்லை, ஒரு வம்சத்துக்கே விழுகிறது. கேட்டு வந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. கேட்க அவர்களுக்கு வேறு வாசல் இல்லை.

நான் பணி ஓய்வு பெற்றபோது என் கணக்கிலும் ஒரே நாளில் பெரிய தொகை வந்தது. அன்றிரவே மனைவியோடு உட்கார்ந்து எழுதினோம். யாருக்கு எவ்வளவு செய்வது, எது வீட்டுக்கு, எது பாங்கில் என்று. சித்தப்பா மகனின் பெண் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டணத்தை, கேட்கும் முன்னே கல்லூரியிலேயே கட்டினோம். சித்தப்பா உயிரோடு இல்லை. சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தக் காலத்துக்குப் பிறகு முதல்முறையாக அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அதன் பிறகு கைமாற்று கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்றேன். ஒரு மச்சான் அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் கொடுத்திருந்தாலும் அவர் பேச்சு நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. பரிசு விழுந்த பிறகு கட்டுக்கட்டாகச் சீட்டு வாங்கப் பழகியிருந்த அப்பாவுக்கு அன்றுதான் கை நின்றது. மறைவாக விற்கிற மூன்று நம்பர் லாட்டரி இன்னும் ஒழியவில்லை; 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம், குழந்தைகளோடு ஐந்து உயிர், அதனால் வந்த கடனில் அழிந்தது. அதை வாங்காதீர்கள் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் லாட்டரி இல்லாமலும் எங்கள் மாவட்டத்தில் திடீர்ப் பணம் வந்துகொண்டேதான் இருக்கிறது. கமுதிப் பக்கம் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தபோது நிலம் விற்றவர்கள், சாலை விரிவுக்கு இடம் கொடுத்து இழப்பீடு வாங்கியவர்கள், வளைகுடாவில் கணக்கு முடித்து வருகிறவர்கள், விபத்தில் ஆளை இழந்து காப்பீட்டுப் பணத்தோடு நிற்கிற பெண்கள். ஒவ்வொரு வாசலிலும் அதே கைமாற்றுக் கூட்டம் நிற்கிறது.

கேரளத்தில், பெரிய பரிசு விழுந்தவர்களுக்குப் பணத்தைக் கையாள்வது குறித்து லாட்டரித் துறை ஒரு நாள் வகுப்பு நடத்தத் தொடங்கியிருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள குலாத்தி நிதி, வரிவிதிப்பு நிறுவனத்தோடு சேர்ந்து, 2022 ஓணம் பம்பரில் வென்றவர்களை அழைத்து அதை ஆரம்பித்தார்கள். லாட்டரி நடத்தும் அரசுக்கே அந்தப் பொறுப்பு தோன்றியிருக்கிறது என்றால், நிலம் எடுத்துக் காசோலை தருகிற நம் அரசுக்கும் தோன்ற வேண்டும். இழப்பீடு வழங்குகிற ஒவ்வொரு வருவாய் அலுவலகத்திலும் பணம் தருவதற்கு முன் ஒரு நாள், நல்ல தமிழில், பாங்குக்காரர் ஒருவரையும் தபால் அலுவலகத்தார் ஒருவரையும் வைத்து வகுப்பு நடத்துங்கள். வரி எவ்வளவு, வைப்பு எங்கே, சொந்தக்காரருக்கு எப்படிச் செய்வது, எப்படி மறுப்பது என்று சொல்லிக்கொடுங்கள். அந்த வகுப்புக்குப் பட்டாதாரரை மட்டும் அழைக்காதீர்கள். வீட்டுப் பெண்களையும் அழையுங்கள். அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.