கொரோக்கா திருவிழாவில் நானும் அப்பாவும்



எட்டாம் வகுப்பில், 2024 செப்டம்பரில், நான் பத்து நாள் லீவு போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நான் போன நாடு பாப்புவா நியூ கினி. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கிறது. அங்கே கொரோக்கா என்ற மலையூரில் காப்பிக்கொட்டை மில்லில் எங்க அப்பா மெக்கானிக்காக இருந்தார். குடும்பத்துக்கு ஒரே ஒரு தடவை கம்பெனி டிக்கெட் கொடுத்தது. காலாண்டுத் தேர்வுக்குள் வந்துவிடுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து கொரோக்காவுக்கு ரோடே கிடையாது. விமானம்தான். இறங்கினால் அப்பா இளைத்துப்போய், தாடியோடு நிற்கிறார். இரண்டரை வருடம் கழித்துப் பார்க்கிறேன். ஆனால் நான் அம்மா முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அப்பத்தா தவறிப்போனபோது அவர் வரவே இல்லை. அந்தக் கோபம். இரண்டு நாள் எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் திருவிழா. 1957-ல் ஆரம்பித்ததாம். பழங்குடி மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பாடி ஆடுவார்கள். அதற்கு 'சிங் சிங்' என்று பெயர். அந்த நாட்டில் 800-க்கும் மேல் மொழிகள் இருக்கின்றன. (நமக்கு இரண்டு மொழிக்கே தலை சுற்றுகிறது!) பொதுவாகப் பேச தோக் பிசின் என்று ஒரு மொழி. அப்பா அதைச் சரளமாகப் பேசினார்.

திடீரென்று ஆசாரோ சேற்று மனிதர்கள் வந்தார்கள். உடம்பெல்லாம் வெள்ளைச் சேறு, தலையில் பெரிய களிமண் முகமூடி, விரல்களில் நீள நீளமாக மூங்கில் நகம். சத்தமே இல்லாமல் மெதுவாக நடந்து வந்தார்கள். முன்னொரு காலத்தில் சண்டையில் தோற்று ஆற்றில் ஒளிந்தவர்கள் சேறோடு எழுந்து வர, எதிரிகள் பேய் என்று நினைத்து ஓடினார்களாம். நானும் பயந்து அப்பா கையைப் பிடித்தேன். உடனே விட்டுவிட்டேன்.

மைதானத்துக்குப் பின்னால் என் வயசுப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா அவள் முகத்தில் சிவப்பும் மஞ்சளும் பூசிக்கொண்டிருந்தார். துணியில் சுற்றி வைத்திருந்த சொர்க்கப்பறவை இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் தலையில் செருகினார். ஒரு இறகு சாய்ந்தால்கூடத் திரும்ப எடுத்துச் செருகினார். அவ்வளவு பொறுமை! அவள் "பப்பா, பப்பா" என்று ஏதோ சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்க பப்பான்னா அப்பா," என்றார் எங்க அப்பா.

அந்த ஆள் என்னைக் காட்டி என்னவோ கேட்டார். அப்பா என் தோளில் கை வைத்து, "பிக்கினினி பிலோங் மி" என்றார். உடனே அவர் சிரித்து, சாய விரலால் என் இரண்டு கன்னத்திலும் சிவப்புக் கோடு இழுத்துவிட்டார்.

"என்னப்பா சொன்னீங்க?"

"என் பிள்ளைன்னு சொன்னேன் ஆத்தா."

அப்போதுதான் கேட்டேன். "அப்பத்தாவுக்கு ஏன் வரல?"

அப்பா கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். "வந்து சேரவே மூணு நாளாயிரும். அதுக்குள்ள எடுத்துருவாங்கன்னு தெரியும். அன்னைக்கு இங்க ஆத்துல போய்த் தலை முழுகினேன். தனியாத்தான்."

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அதற்குள் குண்டு மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அது நம்ம உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்தது, ஆனால் நீளம். அந்தப் பெண் எழுந்து வரிசைக்கு ஓடினாள். அவள் அப்பா கழுத்தை எக்கி எக்கிப் பார்த்தார். நாங்களும் பக்கத்திலேயே நின்று பார்த்தோம்.

அன்று ராத்திரி அம்மா எவ்வளவு சத்தம் போட்டும் நான் முகம் கழுவவில்லை.

– 9-ஆம் வகுப்பு மாணவி