ஜெர்மனி மடல்: ஓய்வுக்கும் ஒரு விண்ணப்பம்

ஜெர்மனியில் ஒரு தாயின் களைப்பு அவளது வீட்டு விவகாரமாக மட்டும் விடப்படுவதில்லை. பொது மருத்துவக் காப்பீடு செலவை ஏற்கவேண்டிய ஒரு நிலையாக அது சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. 'முட்டர்-கிண்ட்-கூர்' எனப்படும் தாய்-சேய் நலத்தங்கல் ஏற்பாட்டின்படி, அலுவலகமும் அடுக்களையும் சேர்ந்து அழுத்தியதில் தூக்கம் கெட்டு, முதுகுவலியும் தலைவலியும் எரிச்சலும் விடாமல் தொடரும் நிலைக்கு வந்துவிட்ட தாய், நோய் முற்றிப் படுக்கையில் விழுவதற்கு முன்பே, மருத்துவரின் சான்றோடு, பொதுவாக மூன்று வாரங்களுக்குக் கடலோரத்திலோ மலைப்பகுதியிலோ உள்ள நலவிடுதிக்குக் குழந்தைகளுடன் அனுப்பப்படுகிறார். நாளொன்றுக்கு 10 யூரோ மட்டும் அவர் செலுத்தவேண்டும். குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. இந்த நாட்கள் ஆண்டு விடுப்பில் கழிக்கப்படுவதில்லை என்பதும், உடல்நலக் குறைவுக் காலத்தைப் போலவே சம்பளம் தொடரும் என்பதும், விடுப்பைச் சேமித்துச் சேமித்து ஊர்ப்பயணத்துக்கே ஒதுக்கும் புலம்பெயர்ந்த பெண்கள் முதலில் அறியவேண்டிய செய்திகள்.

இவ்வேற்பாட்டின் வேர் போருக்குப் பிந்தைய இடிபாடுகளில் இருக்கிறது. முதல் குடியரசுத் தலைவர் தியோடோர் ஹாய்ஸின் மனைவி எல்லி ஹாய்ஸ்-க்னாப், கணவரை இழந்தோ, சிறைமுகாமிலிருந்து கணவர் திரும்பாமலோ, குழந்தைகளைத் தனியே வளர்த்துக்கொண்டிருந்த தாய்மார்களுக்காக 1950இல் ஓர் அறக்கட்டளையைத் தோற்றுவித்தார். அன்னையர் நாளையொட்டி உண்டியல் குலுக்கி நிதி திரட்டும் அதன் வழக்கம் நெடுங்காலம் தொடர்ந்துவந்தது. தொண்டாகத் தொடங்கிய நலத்தங்கல், 2007இல் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டாயம் வழங்கவேண்டிய சேவையாக மாறியது. இந்த மாற்றம் சிறியதன்று. இரக்கத்தின் பேரில் கிடைப்பதற்கு நன்றி சொல்லவேண்டும், உரிமையாகக் கிடைப்பதற்கு விண்ணப்பித்தால் போதும்.

விண்ணப்பிப்பது எளிது என்று இதற்குப் பொருளில்லை. குடும்ப மருத்துவர் 64ஆம் எண் படிவத்தை நிரப்பித் தரவேண்டும். விண்ணப்பிக்கும் தாய் தன் நிலையைத் தன் சொற்களிலேயே விளக்கி எழுதுவதும் பயன் தரும். தமிழ்ப் பெண்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். 'கொஞ்சம் அசதி, மற்றபடி பரவாயில்லை' என்று மருத்துவரிடம் சொல்லிப் பழகியவர், இரவில் எத்தனை முறை விழிக்கிறார், காலை எத்தனை மணிக்கு எழுகிறார், பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு எந்தத் தொடர்வண்டியைப் பிடிக்கிறார், ஊரிலுள்ள மாமியாரின் மருத்துவச் செலவையும் கவலையையும் எப்படித் தொலைபேசிவழியே சுமக்கிறார் என்பதையெல்லாம் தாளில் எழுதக் கூச்சப்படுகிறார். எழுதாத சுமையைக் காப்பீட்டு நிறுவனம் ஊகித்துக்கொள்வதில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் ஒரு மாதத்துக்குள் செலவின்றி ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்பதையும், இதற்கு வழிகாட்டுவதற்கென்றே திருச்சபைகளும் தொண்டு அமைப்புகளும் ஆலோசனை நிலையங்கள் நடத்துகின்றன என்பதையும் அறியாமல், முதல் மறுப்புக் கடிதத்தோடு கோப்பை மூடிவிடுபவர்கள் உண்டு. ஒருமுறை சென்றுவந்தவர், அவசர மருத்துவக் காரணம் இருந்தாலன்றி, நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே மீண்டும் கேட்கலாம்.

விடுதியின் அன்றாடம் ஆடம்பரமானதன்று. காலை உணவு முடிந்ததும் குழந்தைகள் அங்கேயே உள்ள காப்பகத்துக்குச் செல்ல, தாய்மார்களுக்கு முதுகுப் பயிற்சி, வெந்நீர்ச் சிகிச்சை, வேக நடை, தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, மனநல ஆலோசகருடன் உரையாடல் என்று அட்டவணை ஓடும். சிற்றறை, பொது உணவுக்கூடம், மாலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்த குளிர்ந்த உணவு. நாளின் முடிவில் ஒரு கவளம் சூடான ரசம் சோற்றைத் தேடுபவருக்கு மூன்று வாரமும் அது ஒரு சோதனைதான். குழுவாக அமர்ந்து பேசும் அமர்வுகள் ஜெர்மன் மொழியிலேயே நடப்பதால், அலுவலகத்தில் ஆங்கிலத்தை வைத்தே காலம் தள்ளும் மென்பொருள் பொறியாளர் அங்கே வாய் மூடி அமர்ந்திருக்க நேரும். புதிதாக வந்த பெண்ணுக்குச் சொல்லத்தக்க தொழில் அறிவுரைகளில் முதலாவது இதனாலேயே மொழியைப் பற்றியதாகிறது: ஆங்கிலம் வேலையைப் பெற்றுத் தரும், மருத்துவரிடமும் காப்பகத்திலும் பணியாளர் மன்றத்திலும் தன் நிலையை எடுத்துரைக்க அது உதவாது.

ஆனால் இந்த நலத்தங்கலை ஒரு நாகரிகத்தின் உச்சமென்று போற்றுவோர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். மூன்று வாரம் கழித்து அந்தத் தாய் திரும்பிச் செல்வது அதே வீட்டுக்கு, அதே வேலைப் பங்கீட்டுக்கு. களைப்பைப் போக்க ஒரு கையால் பணம் ஒதுக்கும் அரசு, அக்களைப்புக்கு வழிகோலும் குடும்ப அமைப்பை மறு கையால் வரிச் சலுகை தந்து காத்துவருகிறது. மனைவி வேலைக்குப் போகலாம், ஆனால் மணவாழ்வுக்கும் குடும்பத்துக்கும் அவள் ஆற்றவேண்டிய கடமைகளுக்கு அது பொருந்தவேண்டும் என்ற விதி மேற்கு ஜெர்மனியின் குடிமைச் சட்டத்தில் 1977 வரை இருந்தது. கிழக்கு ஜெர்மனியோ பெண்களைப் பெருமளவில் ஆலைகளுக்கு அனுப்பியது, காப்பகங்களைக் கட்டியது, வீட்டு வேலைக்கென்று மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பும் தந்தது. அவ்விடுப்பு நெடுங்காலம் பெண்களுக்கே உரியதாக இருந்ததால், வீட்டு வேலை யாருடையது என்பதில் அங்கும் ஐயம் இருக்கவில்லை.

மேற்கின் குடிமைச் சட்ட விதி மறைந்தது. 1958இல் வந்த தம்பதியர் வரிப் பகிர்வு மறையவில்லை. கணவன், மனைவி இருவரின் வருமானத்தையும் கூட்டி, இரண்டாகப் பிரித்து வரி கணக்கிடும் இம்முறையில், இருவரின் வருமானத்துக்கும் இடையே வேறுபாடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆதாயம் கிடைக்கும். மாதச் சம்பளத்தில் வரி பிடிப்பதற்கென 'வரி வகுப்புகள்' உள்ளன. மூன்றாம் வகுப்பு அதிகம் ஈட்டுபவருக்கும் ஐந்தாம் வகுப்பு குறைவாக ஈட்டுபவருக்கும் என்று தம்பதியர் தேர்ந்தெடுத்தால், ஆளுக்கு ஆண்டுக்கு 12,096 யூரோ (2025ஆம் ஆண்டுக்குரியது) என்ற வரியில்லா அடிப்படைத் தொகை இருவருக்குரியதும் சேர்ந்து ஒருவர் கணக்கிலேயே, பெரும்பாலும் கணவரின் கணக்கிலேயே, ஏறிவிடும்; மனைவியின் சம்பளத்தில் ஏறத்தாழ முதல் யூரோவிலிருந்தே வரி பிடிக்கப்படும். வேலை தேடிக்கொண்டிருக்கும் மனைவியோடு வந்திறங்கும் இளம் தம்பதியர், நண்பர்கள் சொல்கேட்டு முதல் மாதமே இவ்வகுப்புகளுக்கு மாறுவதும், பிறகு மனைவிக்கு வேலை கிடைத்த பின்னும் அதை மாற்ற மறப்பதும் அன்றாடம் காணத்தக்கவை.

ஆண்டு இறுதிக் கணக்கில் எல்லாம் சரியாகிவிடும் என்று கணவர்மார் கூறுவது பாதி உண்மை. குடும்பம் செலுத்தும் மொத்த வரி மாறாது என்பது சரியே. ஆனால் வேலையிழந்தோருக்கான உதவித்தொகையும், குழந்தை பிறந்த பின் வழங்கப்படும் பெற்றோர் படியும் கையில் வரும் நிகரச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. பெற்றோர் படி என்பது குழந்தையை வளர்க்க வேலையிலிருந்து விலகியிருப்பவருக்கு அதுவரை கிடைத்த நிகர வருமானத்தில் பொதுவாக 65 முதல் 67 விழுக்காடு வரை அரசு வழங்கும் தொகை. அது மாதம் 300 யூரோவுக்குக் குறையாமலும் 1,800 யூரோவுக்கு மிகாமலும் இருக்கும். ஐந்தாம் வகுப்பில் சம்பளம் வாங்கிய தாய்க்கு இத்தொகை சுருங்கிவிடுகிறது; கருவுற்ற பிறகு தாமதமாக வகுப்பை மாற்றினால் அது கணக்கில் ஏறாமலும் போகலாம். குழந்தை வேண்டுமென்று எண்ணத் தொடங்கும்போதே இருவரும், இருவரையும் சமமாக நடத்தும் நான்காம் வகுப்புக்கு மாறிக்கொள்வது, எந்த ஊட்டச்சத்து மாத்திரைக்கும் குறையாத முன்னேற்பாடு.

வேலை நேரத்தைக் குறைப்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. ஜெர்மனியில் வேலைபார்க்கும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பகுதிநேரப் பணியில் இருக்கிறார்கள். குழந்தை பிறந்ததும் நேரத்தைக் குறைத்துக்கொள்வது இயல்பான அடுத்த படியாகவே பேசப்படுகிறது. காலவரையறையின்றி நேரத்தைக் குறைத்தவர் முழுநேரத்துக்குத் திரும்ப நிறுவனத்தின் தயவை எதிர்பார்க்கவேண்டும். 2019 முதல் நடைமுறையிலுள்ள 'பாலப் பகுதிநேரம்' என்னும் ஏற்பாடு இதற்கு மாற்று: 45 பேருக்கு மேல் வேலைபார்க்கும் நிறுவனங்களில், ஆறு மாதம் பணியாற்றியவர், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை என்று எல்லை குறித்து நேரத்தைக் குறைத்துக்கொண்டு, அக்காலம் முடிந்ததும் பழைய நேரத்துக்குத் திரும்பும் உரிமையோடு செல்லலாம். ஒரே வேலை நேரக் குறைப்பு, ஆனால் விண்ணப்பத்தில் இறுதி நாள் எழுதப்பட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு பெண்ணின் அடுத்த இருபதாண்டுச் சம்பளம் வேறாகிவிடும்.

பேறுகால விடுப்பில் மட்டும் இந்தியச் சட்டம் தாராளமானது. ஜெர்மனியில் முழு ஊதியத்தோடு பேற்றுக்கு முன் 6 வாரமும் பின் 8 வாரமும் கிடைக்க, இந்தியாவில் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் தருகிறது. அதன் பிறகு நிலைமை தலைகீழ்: இங்கே தாய், தந்தை ஒவ்வொருவரும் மூன்றாண்டு வரை, வேலை பறிபோகாமல், ஊதியமில்லாப் பெற்றோர் விடுப்பு எடுக்கலாம். தந்தை இரண்டு மாதமாவது எடுத்தால் பெற்றோர் படி 12 மாதத்திலிருந்து 14 மாதமாக நீளும். தமிழ்க் கணவர்களில் பலர் அந்த இரண்டு மாதத்தை ஊருக்குப் போய்வரப் பயன்படுத்துவது வேறு கதை.

சம்பளப் பேச்சுக்கு வரும்போது, எர்ஃபுர்ட் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2023 பிப்ரவரி 16 அன்று வழங்கிய தீர்ப்பை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருப்பது நல்லது. ஒரே பணிக்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் சேர்ந்த ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறுவனம் தர முன்வந்த தொடக்கச் சம்பளம் மாதம் 3,500 யூரோ. அந்த ஆண் அதை ஏற்காமல் பேரம் பேசி 4,500 பெற்றார், அந்தப் பெண் கொடுத்ததை ஏற்றுக்கொண்டார். ஆண் நன்றாகப் பேரம் பேசினார் என்பது மட்டுமே பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பதற்கு நியாயமாகாது என்று கூறிய நீதிமன்றம், நிலுவைத்தொகையும் இழப்பீடும் வழங்கச் சொன்னது. 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களில், ஒத்த பணி செய்யும் எதிர்ப்பாலார் பெறும் நடுநிலைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டறியும் உரிமை 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. கேட்பவர் குறைவு. சம்பளத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்ற எண்ணத்தில் ஜெர்மானியரும் தமிழரும் ஒத்துப்போவது வியப்புக்குரியது; முதலாளிகளுக்கு இந்த ஒற்றுமை மிகவும் வசதியானது. ஓய்வைக் கேட்கத் தயங்குபவரே ஊதியத்தைக் கேட்கவும் தயங்குகிறார் என்பதும், 'பரவாயில்லை' என்னும் பழக்கம் இரண்டு இடத்திலும் அவரையே இழப்புக்கு உள்ளாக்குகிறது என்பதும் இங்கே தெளிவாகின்றன.

வேலைக்களைப்பைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் 'பர்ன் அவுட்' என்ற கருத்தை 1974இல் உளவியலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், ஃப்ராங்க்ஃபர்ட்டில் பிறந்து, யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் சிறுவனாகவே தப்பியோடி அமெரிக்காவில் வாழ்ந்தவர். உலக நல்வாழ்வு நிறுவனம் இன்று அதை நோயென்று வகைப்படுத்தாமல், பணியோடு தொடர்புடைய ஒரு நிகழ்வாகவே பதிந்துள்ளது. ஜெர்மனியில் நடைமுறையில் முக்கியமானது வேறு: மருத்துவர் தரும் பணியியலாமைச் சான்றில் நோயின் பெயர் நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. மனச்சோர்வு என்று தெரிந்தால் பதவி உயர்வு போய்விடுமோ என்று அஞ்சிக் காய்ச்சல் மாத்திரையோடு அலுவலகம் செல்லும் பெண்ணுக்கு இச்சிறு விதியே பெரிய பாதுகாப்பு. ஆறு வாரம் வரை நிறுவனம் முழுச் சம்பளம் தரும். அதன்பின் காப்பீட்டு நிறுவனம் மொத்தச் சம்பளத்தில் 70 விழுக்காட்டை நோய்ப்படியாக வழங்கும். பன்னிரண்டு மாதத்தில் ஆறு வாரத்துக்கு மேல் பணிக்கு வராதவரை அழைத்து, வேலையை எப்படி மாற்றியமைக்கலாம் என்று பேசுவது நிறுவனத்தின் கடமை. சில மணி நேரத்தில் தொடங்கிப் படிப்படியாக முழுநேரத்துக்குத் திரும்பும் முறையும் உண்டு.

இவையெதுவும் எட்டாத பெண்களும் இருக்கிறார்கள். 'மினிஜாப்' எனப்படும் சிறுபணி, 2025இல் மாதம் 556 யூரோ வரை ஊதியம் தருவது. அதிலிருந்து சொந்த மருத்துவக் காப்பீடும் வேலையிழப்புக் காப்பீடும் கிடைப்பதில்லை, ஓய்வூதியச் சந்தாவிலிருந்தும் விலக்குப் பெறலாம். 1983க்குப் பின் ஏதிலிகளாக வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களில், அலுவலகங்களைத் துடைத்தும் உணவகங்களில் பாத்திரம் கழுவியும் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களில் பலர் இத்தகைய சிறுபணிகளிலேயே ஆண்டுகளைக் கழித்தவர்கள். சந்தா பிடிக்காமல் முழுத்தொகையும் கையில் வந்தது அன்று ஆதாயமாகத் தெரிந்தது. அவர்களது ஓய்வூதியக் கணக்கில் அந்த ஆண்டுகள் ஏறக்குறைய வெறுமையாக நிற்கின்றன.

அவர்களுக்கும் இன்று வருபவர்களுக்கும் பயன்படக்கூடிய இரண்டு செய்திகள் உண்டு. 1992 அல்லது அதற்குப் பின் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்றாண்டு வளர்ப்புக் காலம், சராசரி வருமானத்துக்குச் சந்தா செலுத்தியதற்கு ஒப்பாக, பெரும்பாலும் தாயின் கணக்கில் வரவு வைக்கப்படும். அதுவும் தானாக ஏறாது, விண்ணப்பிக்கவேண்டும். ஓய்வூதியம் பெறக் குறைந்தது 60 மாதக் கணக்குத் தேவை என்ற நிலையில், 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜெர்மானியச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, தகுதியைக் கணக்கிடும்போது இந்தியாவில் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். திருமணத்துக்கு முன் சென்னையிலோ கோவையிலோ இரண்டு ஆண்டு பார்த்த வேலையின் நியமனக் கடிதமும் வைப்புநிதிக் கணக்கு எண்ணும் அம்மா வீட்டு அலமாரியில் கிடந்தால், அடுத்த பயணத்தில் புடவைகளுக்கு முன்னால் அவற்றைப் பெட்டியில் வைப்பது நல்லது.