கரை சேர்த்த கருணை

கடலூர் மஞ்சக்குப்பத்தை அடுத்துள்ளது திருப்பாதிரிப்புலியூர். கல்லோடு பிணைத்துக் கடலில் எறியப்பட்ட அப்பர் பெருமான், ஐந்தெழுத்தை ஓதி, அக்கல்லே தெப்பமாகக் கரையேறிய தலம். அருகிலுள்ள கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊரின் பெயரே அதற்குச் சான்று.

கிழக்கே தேவனாம்பட்டினம் கடற்கரை. மாசி மகத்தன்று சுற்றூர் மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள, குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் திரளும் கரை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. எத்தனையோ மழலைகளைக் கொண்டுபோயிற்று.

அன்று வடக்கே, புதுவையை அடுத்த சின்னக்காலாப்பட்டில் மீனவத் தாய் ஒருத்தி இளைய பிள்ளைகள் இருவரையும் ஏந்தி ஓடினாள். மூன்றாமவனை ஏந்தக் கையில்லை. ஏழு வயது மூத்தவனோ அஞ்சிக் குடிசைக்குள் புகுந்தான். வீட்டு நாய் செல்வகுமார் பின்னே சென்று, அவனை முட்டியும் கவ்வியும் வெளியேற்றி மேட்டுக்குக் கொண்டு சேர்த்தது. மகனை இழந்தோமெனக் கதறிய தாய் அவனை உயிரோடு கண்டாள்.

சிவாலயத்தில் பைரவரின் வாகனமாக நிற்பதும் அந்த உயிர்தானே! வாசலில் வந்து நிற்கும் நாய்க்கு ஒரு பிடி அன்னமிடுவதும் பைரவ வழிபாடே.